கடிகாரம் கேட்ட மூன்றாம் பதிப்பு

ஒரு கணினிக்குள் குடியேற ஒரு கடிகார நிரல் வந்தது. திரையின் மூலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் மணி காட்ட வேண்டும் என்பதுதான் அதன் ஆசை. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று பார்த்துக்கொள்ளும் நிறுவி வாசலில் இருந்தது.

"எனக்கு நிறம் கொடுக்க வண்ணப்பொதியின் மூன்றாம் பதிப்பு வேணும் அண்ணே," என்றது கடிகாரம்.

"இங்கே இருக்கிறது இரண்டாம் பதிப்பு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே நாற்காலிதான். கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

"நான் போன வாரம் பிறந்தவன். அந்தக் கிழட்டுச் சரக்கோட என்னை ஓடச் சொல்றீங்களா?"

உள்ளிருந்து இரண்டாம் பதிப்பு சொன்னது: "நான் போறதுல வருத்தமில்லை தம்பி. என்னை நம்பி நூற்று நாற்பது பேர் இருக்காங்க. நான் போனா அவங்களும் போகணும்."

நிறுவி அந்த நூற்று நாற்பது பெயர்களையும் எழுதி நீட்டியது. "முழுசாப் படிச்சுட்டு சம்மதம் சொல்லு."

கடிகாரம் முதல் இரண்டு பெயரை மட்டும் பார்த்தது. "கடிதம் வாசிக்கிறவன், படம் காட்டுறவன். எவன் போனா எனக்கென்ன? சம்மதம்."

சம்மதம் என்ற ஒரு சொல் வந்துவிட்டால் நிறுவியின் மனசாட்சிக்கு வேலை முடிந்தது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, 'முரண்பாடு எதுவும் இல்லை' என்று குறித்துக்கொண்டது.

மூன்றாம் பதிப்பு வந்து நாற்காலியில் அமர்ந்தது. கடிகாரமும் மிடுக்காக நுழைந்தது. உள்ளே ஒரே இருட்டு.

"நான் உட்கார வேண்டிய திரை எங்கே அண்ணே?"

"பட்டியலில் கடைசிப் பெயர்," என்றது நிறுவி.