வெட்டிய கென்டே

“வேகமாப் போடா. மிச்சத்தையும் வெட்டித் தொலைச்சிடப் போறா.”

மகன் போவாடுவின் புது மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த கொனாடுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கானாவின் குமாசி நகரில் உள்ள வண்டியெல்லாம் வேண்டுமென்றே குறுக்கே வருவதாகப் பட்டது.

பின்னே என்ன? வெட்டுப்பட்டது தாய்மாமன் உடுத்தி, தம்பி அம்பொன்சாவுக்கு வந்த கென்டே, விழாவுக்கு உடலைச் சுற்றி உடுத்தும் கைத்தறித் துணி. தம்பிக்குப் பிறகு அவன் மருமகன் போவாடுவுக்கு. சொத்து மகனுக்கு இல்லை, அக்கா மகனுக்கு. அதுதான் குல வழக்கம். அதைத் தம்பி பெண்டாட்டி பிராகோ வெட்டி சோபா குஷனுக்கு உறை தைத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னதும் கொனாடு கிளம்பிவிட்டாள்.

“நான் வெளியவே நிக்கிறேன்மா,” என்றான் போவாடு.

வீட்டில் பிராகோ மட்டும்தான் இருந்தாள்.

“தம்பி எங்கே?”

“கோவத்துல சாப்பிடாமயே போயிட்டார் அண்ணி.”

“போகமாட்டானா? டூரிஸ்ட்டுக்குக் குஷன் தைச்சு விக்கிறவ, வீட்டுத் துணியிலயே கத்தரியை வெச்சுட்டியே. என் பையனுக்குப் போயிடக் கூடாதுங்கற வயித்தெரிச்சல்தானே?”

கொனாடு ஆத்திரத்தோடு ஒரு குஷனை எடுத்தாள்.

வழவழவென்று இருந்தது.

பக்கத்தில் நெசவாளர்களிடம் வாங்கிய அசல் கென்டேத் துண்டுகளில் தைத்த குஷன் ஒன்று கிடந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டி, பட்டிக்குப் பட்டி தையல். இதில் தையலே இல்லை. ஜிப்பைத் திறந்து உட்புறம் பார்த்தாள். வெளுப்பு.

“இது அச்சுத் துணியாச்சே. நம்ம கென்டே எங்கேடி?”

“துணியெல்லாம் வெயில்ல போடறேன்னு போன மாசம் போவாடு வந்தான் அண்ணி. அவன் போனப்புறம் பெட்டியில இதுதான் இருந்தது.” பிராகோ குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழமை அரண்மனை விழா. அதுக்கு உடுத்த உங்க தம்பி பெட்டியைத் திறந்திருந்தா?”

கொனாடுவின் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே புது பைக் பளபளத்தது.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி.”

“எப்படியும் அவனுக்கு வரவேண்டியதுதானே. கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கிட்டான். மருமகன் திருடன்னு அவர் மனசு ஒடியறதைவிட, பெண்டாட்டி பைத்தியக்காரின்னு நினைச்சுட்டுப் போகட்டும்.”

கொனாடு குஷனோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

வாசலில் அம்பொன்சாவின் குரல் கேட்டது. “வந்தியாடா மருமகனே? உன் சொத்தைத் துண்டு போட்டுட்டாடா உன் அத்தை.”

போவாடு என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை. அம்பொன்சா உள்ளே வந்தான்.

“பாத்தியா அக்கா இவ செஞ்ச வேலையை? நீயே நாலு வார்த்தை கேளு.”

கொனாடு ஜிப்பை இழுத்து மூடி, குஷனை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அவளைத் திட்டாதே தம்பி. வெட்டச் சொன்னது நான்தான்.”