தொண்ணூற்று நான்காவது நிமிடம்

தொண்ணூற்று நான்காவது நிமிடத்தில் அம்மா இருமுவாள்.

இப்போது எண்பத்தொன்பது. திரைக்கும் பின்சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நின்றுகொண்டிருக்கிறேன். நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார முடியவில்லை. பேனா மூடியைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன்.

அந்தப் பக்கம் இருநூறு பேர் எங்கள் நாட்டுப் படம் பார்க்கிறார்கள். நானும் அம்மாவும் குடியேறிய இந்த ஊரில் ஒரு வாரமாக விழா. காலையில் புதுப் படங்கள், மதியம் பழையவை. எங்கள் மொழி தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துவிட்டு, வசனம் முடிவதற்குள் சிரித்துவிடுகிறார்கள்.

திரையில் தெரியும் முகம் நாயகியுடையது. கேட்கும் குரல் அம்மாவுடையது.

நாற்பது வருடமாக இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செய்தி. டைட்டிலில் டீ கொடுத்தவர் பெயர்கூட உண்டு. அம்மா பெயர் இல்லை. இன்றும் போனில் என் குரலை அம்மா என்று நினைத்து, சமையல் குறிப்பு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் குரலின் புகழ்.

படம் முடிந்ததும் நாயகி மேடையேறுவார். பார்வையாளர்கள் கேட்பார்கள், அவர் சொல்வார், நான் மொழிபெயர்ப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இத்தனை பேர் முன்னால் அவர் அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்குக் கை தூக்கினேன். நானாகச் சொல்ல முடியாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

காலையில் ஓய்வறையில் அவரிடம் முயன்று பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

“இன்னொரு தடவ சொல்லும்மா. காது கொஞ்சம் மந்தம்.”

டீயில் சர்க்கரை வேண்டுமா என்பதை மூன்று தடவை கேட்டேன். நிகழ்ச்சி நிரலை இரண்டு தடவை படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், தயங்கித் தயங்கி, “உங்களுக்குக் குரல் குடுத்தவங்க…” என்று ஆரம்பித்தேன். அதை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று மூன்று.

இந்தக் காட்சியில் நாயகி கடிதத்தைப் படித்து மடிப்பாள். உதடு அசையாது. ஆனால் ஒரு இருமல் கேட்கும். குரல் பதிவன்று அம்மாவுக்கு நல்ல சளி. இன்னொரு டேக் கேட்டிருக்கிறாள். நேரமாச்சு, கிளம்பு என்றுவிட்டார்கள். டிவியில் இந்தப் படம் வந்தால் இந்த இடத்தில் அம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

விழா மலரில் அந்த இருமலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். திரைக்கு வெளியே நிற்கும் மரணத்தின் குரலாம். நேற்று அம்மாவிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அதையும் படித்துக் காட்டினேன்.

“மரணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஜலதோஷம். இந்தக் கண்றாவியக் கேக்க நான் பஸ் ஏறி வேற வரணுமா?”

தொண்ணூற்று நான்கு. அம்மா இருமினாள். அரங்கில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

மேடையில் முதல் கேள்வியே அதுதான். விழா மலரில் எழுதிய பெரியவர் எழுந்து நின்றார். அந்த இருமல் யாருக்குத் தோன்றியது, இயக்குநருக்கா, உங்களுக்கா?

நாயகியின் காதருகே குனிந்து சொன்னேன். அவர் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார். மறுபடி எடுத்தார். பேனா மூடி என் கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டது.

“அது நான் இல்ல,” என்றார். “எனக்குக் குரல் குடுத்த பொண்ணு. அன்னிக்கு அவளுக்கு நல்ல சளி.”

பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு.

பெயரை மொழிபெயர்க்க முடியாது. அப்படியே சொன்னேன். என் வாயிலிருந்து அது யாரோ ஒருவருடைய பெயர்போல வெளியே வந்தது.

முதலில் சிரித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். நிற்காமல் தட்டினார்கள். பெரியவர் மட்டும் தட்டவில்லை. மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

நாயகி மைக்கை மடியில் கவிழ்த்து வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

“வரலையா அவ?”

இந்த ஊரில் எனக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று விழாவில் யாரிடமும் நான் சொன்னதில்லை. காலையில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது என் குரலை மட்டும்தான்.

“வரமாட்டேன்னுட்டாங்க,” என்றேன். அந்த இரைச்சலில் எனக்கே அது கேட்கவில்லை.

அவர் தலையசைத்தார். திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.