மாக்கா கிழங்கும் ஒரு ராஜினாமாவும்

"காரணம்னு ஒரு வரி இருக்கே, அதை ஏன் காலியா விட்டிருக்கீங்க?"

டாக்டர் அந்த ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் போட்டு விரலால் தட்டினாள். எதிரே நின்ற பதிவக்கா அசையவில்லை. ஆய்வுக்கு வருகிற பெண்களின் பெயர், வயது, உடல்நிலை எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுவது அவளுடைய வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

"சொந்தக் காரணம்தான், டாக்டர்."

"அதுக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா? சாயங்காலம் அஞ்சு மணியோட பதிவு முடியுது. அறுபது பேர் வேணும். அம்பத்தொம்போதுல நிக்கறோம். இப்பப் போய் இதை நீட்டறீங்களே!"

மாக்கா என்பது எங்கோ தூர தேசத்து மலையில், குளிரில் விளைகிற கிழங்கு. பார்க்க முள்ளங்கியின் தங்கச்சி போல இருக்கும். மாதவிடாய் நிற்கிற வயதில் வரும் உடம்புக் கொதிப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அதைச் சாப்பிட்டால் பறந்துவிடும் என்று கடைக்குக் கடை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். டாக்டரிடம் வருகிற பெண்கள் கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, "இது நிஜமாவே கேக்குமா டாக்டர்?" என்பார்கள்.

"தெரியலைம்மா" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்துவிட்டது. அவள் தேடிப் படித்த ஆய்வுகள் பலவும் பத்துப் பேர், இருபது பேரை வைத்து நடந்தவை. அவற்றை நம்பி ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த முறை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தாள். பாதிப் பேருக்குக் கிழங்குத் தூள், மீதிப் பேருக்கு வெறும் மாவு. மாத்திரை இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று கடைசி வரை இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஐம்பத்தொன்பது பேரையும் தேடிப் பிடித்தது பதிவக்காதான். தையல்கூடம், சலவைக் கடை, பேருந்து நிலையம் என்று எட்டு மாதம் நடையாய் நடந்திருக்கிறாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் அந்த மாக்காப் பொடி விக்கற கம்பெனிக்காரர் வாசல்ல நின்னு உங்ககிட்ட பேசிட்டிருந்தாரே. வேலைக்குக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே பதிவக்கா பழைய பதிவக்காவாக இல்லை. எழுதிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பேனாவை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வாள். என்ன என்று கேட்டால் வள்ளென்று விழுவாள். போன மாதம் ஒரு ஃபைலை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அலமாரியையே தலைகீழாகப் புரட்டினாள். ஆள் இங்கே, மனசு வேறெங்கோ என்று டாக்டர் அப்போதே நினைத்தாள். எங்கே என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"கூடவே இருந்துட்டு, கடைசி நாள்ல கழுத்தை அறுக்கறீங்களே அக்கா."

பதிவக்காவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் பிசகவில்லை. "அறுபதாவது ஆள் வரும், டாக்டர். நாலு மணிக்குள்ள வரும். அதுக்கு நான் பொறுப்பு. நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. தேதியோட நேரத்தையும் எழுதிடுங்க."

"உங்களைக் கெஞ்சப் போறதில்ல. நீங்க இல்லாட்டியும் நான் இதை முடிப்பேன்."

"முடிக்கணும், டாக்டர். பாதியில விட்டா அத்தனை பேரோட உழைப்பும் வீண்."

டாக்டர் கையெழுத்தைக் கிறுக்கி, பகல் பன்னிரண்டு என்று எழுதித் தள்ளினாள். பதிவக்கா சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வேலையை விட்டுப் போகிறவள் கொடுத்த வாக்கை நம்பி உட்கார்ந்திருக்க டாக்டர் தயாராக இல்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தானே தொலைபேசியை எடுத்தாள். ஒருத்தி, "வீட்டுக்காரர் வேணாங்கறார்" என்றாள். இன்னொருத்தி ஏற்கெனவே டப்பா வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். அவளைச் சேர்க்க முடியாது. மூன்றாமவள், "கிழங்கா? எனக்கு வாயு பிடிச்சுக்கும்" என்று வைத்துவிட்டாள். டாக்டர் அடுத்த எண்ணை அழுத்தினாள். பிறகு அதற்கடுத்தது. பட்டியல் தீர்ந்தபோது மணி நான்காக ஐந்து நிமிடம்.

பதிவேட்டை மூடாமல், தெருவில் இறங்கியாவது ஆள் பிடிப்பது என்று எழுந்தாள். அப்போது கதவு திறந்தது.

பதிவக்கா நின்றாள். வேறு புடவை, கையில் ஒரு உறை.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள் டாக்டர் எரிச்சலோடு. "உங்க ஆளைக் காணோமே?"

பதிவக்கா உள்ளே வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உறையிலிருந்து ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினாள்.

"இங்க வேலை பார்க்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி போட்டது நீங்கதானே. பன்னிரண்டு மணியிலேர்ந்து நான் இங்க வேலையில இல்ல. அந்தக் கம்பெனிக்காரருக்கு அன்னிக்கே மாட்டேன்னுட்டேன். அந்தக் கேள்வியெல்லாம் என்கிட்டயும் கேளுங்க, டாக்டர். ரெண்டு வருஷமா எனக்கு ஒழுங்காத் தூக்கம் இல்ல."