இரண்டு பேச்சுரிமை

கல்யாணமாகி இருபது வருடத்தில் காபி போட்டே அறியாத தணிகாசலம், மூன்று நாளாக மனைவிக்குப் போட்டுத் தருகிறார். மங்கையர்க்கரசிக்கு எங்கேயோ இடித்தது. இன்று உரிமைப் புதுப்பிப்பு அலுவலகத்துக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"நடமாட்டம், வழிபாடு ரெண்டும் இருக்கும்மா. பேச்சுரிமை மட்டும் உங்க பேர்ல இல்லை. அஞ்சு வருஷமா நீங்க அதைப் பயன்படுத்தலைன்னு எழுதிக் கொடுத்து, திங்கக்கிழமை உங்க வீட்டுக்காரர் தன் பேருக்கு மாத்திக்கிட்டார்."

"வாயைத் திறந்தாலே 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு'ன்னு அடக்கினதே இவர்தாம்மா. எனக்கு அது திரும்ப வேணும்."

"நீங்க கேட்டா இனிமே செல்லாதும்மா. அவர்தான் சொல்லணும்."

மங்கையர்க்கரசி திரும்பினாள். இரண்டு பேருடைய பேச்சுரிமையையும் வைத்திருந்த தணிகாசலம், டோக்கன் எண் ஓடும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.