தோசை, முன்பு தணிகாசலம்

என் பேத்தி மிதுளாவின் காலில் மாட்டியிருக்கும் பேச்சுப் பயிற்சி மின்கொலுசு, அவள் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் திருத்திவிடும். போன மாதம் அவள் பூனையைப் பார்த்து "பால்" என்றாள். கொலுசு ஒரு தடவை கீச்சிட்டது. அவ்வளவுதான், பால் எங்கள் வீட்டை விட்டுப் போய், வெறும் பூனை வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தது நான். தினமும் காலையில் தோசையைப் பிய்த்து ஊட்டுகிறவன் என்பதால், அந்த ஒன்றேகால் வயது மேதை எனக்குத் "தோசை" என்று பெயர் வைத்திருந்தாள். அவள் அப்படிக் கூவினால் எனக்கு நாற்பது வயது குறைந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமையிலிருந்து கொலுசு ஆள் பேரையும் திருத்த ஆரம்பிச்சுடும்பா. அப்புறம் அழகா தாத்தானு கூப்பிடுவா" என்றாள் என் மகள் சுபத்ரா.

"உலகத்துல கோடி தாத்தா இருக்கான். தோசை நான் ஒருத்தன்தாம்மா!"

முப்பது வருடம் அரசிதழில் பெயர் மாற்றங்களை அச்சேற்றி ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? வெள்ளிக்கிழமையே தணிகாசலம் என்ற என் பெயர் அரசிதழில் தோசை என்று மாறிவிட்டது. ஞாயிறன்று மிதுளா என்னைப் பார்த்து, "தோசை!" என்றாள். கொலுசு அரசாங்கத்தையே ஒருமுறை விசாரித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டு மின்விசிறி கழன்று விழுந்தது.

மிதுளாவோ தட்டிலிருந்த தோசையைக் காட்டி, "தாத்தா!" என்றாள்.

சுபத்ராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீச்சிடுவதற்குள் கொலுசைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள்.

இன்று காலை தேங்காய்ச் சட்னியோடு மூன்று தாத்தா சாப்பிட்டேன்.