கலக்கிட்டீங்க சார்!

"தண்ணியில போட்டா தானாவே ஒண்ணு சேருது, தானாவே பையாயிடுது. அப்புறம் உனக்கு எதுக்கும்மா சம்பளம்?"

எங்கள் ஆய்வகத் தலைவர் தினமும் என்னைக் கேட்கும் கேள்வி இது. நான் தயாரிக்கும் மூலக்கூறுகளுக்குத் தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரைக் கண்டாலே ஓடும். அதனால் அவை வால்களை உள்ளே ஒளித்து, வரிசை கட்டிச் சவ்வாகி, மருந்து சுமக்கும் குட்டிப் பைகளாகிவிடும். மூளையே இல்லாத அவற்றுக்கு இருக்கும் ஒழுங்கு இந்த மனுஷனுக்குக் கிடையாது. டை கட்டத் தெரியும். கேமராவைப் பார்த்தால் இளிக்கத் தெரியும்.

இன்று, ஆய்வகத்தை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்ய நிபுணர் வந்தார். கூடவே கேமராவும் வந்தது. தலைவர் விடுவாரா? நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த குடுவைக்குள் கண்ணாடிக் குச்சியை விட்டு, "எல்லாம் என் கண்டுபிடிப்பு!" என்று சுற்று சுற்றென்று சுற்றினார்.

"கலக்கிட்டீங்க சார்!" என்றேன்.

பூரித்துப் போனார்.

நிபுணர் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதைக் கலக்கினது யாரு?"

"நான்தான் சார்!" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தப் பொண்ணே இப்பத்தான் பாராட்டுச்சு."

"அசைக்காம வெச்சாத்தான் பை நிக்கும்னு கூடவா தெரியாது? எல்லாம் உடைஞ்சு கிடக்கு!"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ நீ... பாராட்டலையா?"

"புகார் சொன்னேன் சார்."