தலைப்பக்கம் யாருக்கு?

“தள்ளு! கெர்டா பாட்டிக்குத் தலைப்பக்கம் நான்தான் பிடிப்பேன்!”

“ஏன், நான் பிடிச்சா பெட்டி சாஞ்சிடுமா? வியாழக்கிழமை தவறாம எனக்கு பான்கேக் சுட்டுப் போட்ட பாட்டி அது!”

“எனக்கு வெள்ளிக்கிழமை தவறாம கறுப்பு ரொட்டியும் ஊறப்போட்ட மீனும்! போதுமா?”

டென்மார்க்கின் ஏரோ தீவுத் தேவாலயத்தில், சவப்பெட்டியருகே ட்ரோல்ஸும் விபெகெயும் மல்லுக்கு நின்றார்கள். அவன் கோபன்ஹேகனிலிருந்தும் அவள் ஓடென்சேயிலிருந்தும் வந்திருந்தார்கள்; அறிமுகமே இன்றுதான். பெட்டி தூக்க வந்த மற்ற நால்வரும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள்.

தீவுக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியார் ஹெல்லே குறுக்கே வந்தார். “நெருங்கின ரத்த உறவுதான் தலைப்பக்கம் பிடிக்கணும். அதுதானே வழக்கம்?”

விபெகெயின் குரல் இறங்கியது.

“அப்போ நீயே பிடிச்சுக்கோ. நான் பேத்தி இல்ல, எதிர்வீட்டுப் பொண்ணு. அம்மா வேலைக்குப் போயிட்டா பாட்டிதான் சோறு போடுவாங்க.”

ட்ரோல்ஸ் விழித்தான். இவள் சொந்தப் பேத்தியோ என்று பயந்துதான் அவன் இவ்வளவு நேரம் கத்தினான்.

“நானும் இல்ல. உனக்கு முன்னாடியோ பின்னாடியோ, சின்ன வயசுல அப்பா கப்பலுக்குப் போனா பாட்டி வீட்லதான் தூங்குவேன்.”

மற்ற நால்வரும் சட்டென்று தங்கள் காலணிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹெல்லே அவர்கள் பக்கம் திரும்பினார்.

“போன்ல ஆறு பேருமே பேரப்பிள்ளைன்னுதானே சொன்னீங்க? உங்கள்ல யாருப்பா நிஜம்?”